ஒரு மதாஃபா, இரண்டு மாட்யூல்

அபூ கஸ்ஸானின் கம்பெனி உருப்படியாகச் செய்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மான் நகரத்து மதாஃபாக்களை இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளும் செயலி. குலத்துக்கு ஒரு மதாஃபா உண்டு. பெண் கேட்க ஜாஹா என்று பெரியவர்கள் கூட்டமாக வந்து உட்காருவதும் அங்கேதான், கல்யாண விருந்தும் அங்கேதான், யாராவது கண்ணை மூடினால் மூன்று நாள் ஊர் திரண்டு துக்கம் கேட்பதும் அங்கேதான். ஒரே கூடம், ஒரே நாற்காலிகள், ஒரே கசப்புக் காப்பி. வாசலில் விளக்குச் சரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். இதைப் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் பச்சைக் குழந்தைகளை எந்த மென்பொருள் கம்பெனியும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

ஆரம்பத்தில் செயலி முழுவதும் ஒரே கோப்பில் இருந்தது. அபூ கஸ்ஸான் இளமையில் தன் கையாலேயே எழுதியது. எந்த வரியைத் தொட்டால் எது சரியும் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. ஒருமுறை தேதியின் நிறத்தை மாற்றப் போன ஒருவன், பாதி நகரத்துக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பிவிட்டான். அதுவும் பெருநாள் முடிந்து ஒரு மாதம் கழித்து. அதன்பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும் முன் எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போதுதான் துபாயிலிருந்து ஸுஹைப் வந்து இறங்கினான். அபூ கஸ்ஸானின் அக்காள் மகன். ஏதோ ஒரு பயிற்சியில் உட்கார்ந்து எழுந்தவன். கூடவே ஒரு ஃப்ரேம்வொர்க்கையும் ஒரு வெள்ளைப் பலகையையும் கொண்டுவந்தான். பலகையில் மூன்று கட்டம் போட்டான். மாடல் என்பது சரக்கறை, தகவலெல்லாம் அதில் இருக்கும். வியூ என்பது வாடிக்கையாளர் பார்க்கிற முகம். இரண்டுக்கும் நடுவே நின்று கேட்டதை எடுத்துக் கொடுப்பது கண்ட்ரோலர். இந்த மூன்றையும் ஒரு கட்டாகக் கட்டி, வேலைக்கு ஒரு மாட்யூல் என்று பிரித்து வைத்துவிட்டால், ஒன்றில் கை வைக்கும்போது இன்னொன்று கெடாது. நல்ல ஏற்பாடுதான். லுப்னாவுக்கும் அதில் இரண்டாம் பேச்சில்லை. ஏற்பாடு நன்றாக இருந்து என்ன செய்ய, ஆட்கள் நம் ஆட்களாயிற்றே!

லுப்னா அங்கே ஐந்து வருஷமாக நிரல் எழுதுகிறவள். கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்ததும் அவள்தான்.

"மதாஃபா விவரமும் தேதியும் தனியா ஒரே மாட்யூலா இருக்கட்டும். கல்யாணமும் துக்கமும் அதுகிட்டதான் கேட்டுக்கணும்."

அபூ கஸ்ஸான் உருட்டிக்கொண்டிருந்த ஜபமாலையைக் கீழே வைத்தார்.

"அஊது பில்லாஹ். கல்யாணத் தேதியையும் சாவுத் தேதியையும் ஒரே அட்டவணையிலயா வெப்பே? எங்கம்மா கல்யாணத் துணி இருக்கற அலமாரில கறுப்புத் துணியை எட்டிப் பாக்கக்கூட விடமாட்டா."

"அட்டவணைக்கு என்ன தெரியும், அபூ கஸ்ஸான்? அதுக்கு வெறும் தேதிதானே."

"அட்டவணைக்குத் தெரியாது. கல்யாணப் பொண்ணைப் பெத்தவளுக்குத் தெரியுமே. நாளைக்கு அவ என் சட்டையைப் பிடிப்பா."

அவள் ஸுஹைபைப் பார்த்தாள். படித்தவனாயிற்றே, அறிவாக ஏதாவது சொல்வான் என்ற நப்பாசை. அவனும் அறிவாகத்தான் சொன்னான்.

"தத்துவப்படி பாத்தாலும் மாமா சொல்றதுதான் சரி. மாட்யூல்னா சுதந்திரமா இருக்கணும். ஒண்ணு இருக்கறதே இன்னொண்ணுக்குத் தெரியக் கூடாது. சந்தோஷத்துக்கு ஒண்ணு, துக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் அதது தேதிப் பட்டியல்."

"ஒரே மதாஃபா, ஒரே நாள், ரெண்டும் வந்து விழுந்தா?"

"அதெல்லாம் அபூர்வமா நடக்கறது. அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

அம்மானில் மனிதர்கள் சாவது அபூர்வம் என்று அவன் சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

சந்தோஷ மாட்யூல் லுப்னாவுக்கு வந்தது. துக்க மாட்யூல் ஹைதமுக்குப் போனது. ஹைதம் அவளுக்கு மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பவன். முன்பு ஒரு கூட்டத்தில் அவன் நிரலில் இருந்த ஓட்டையை லுப்னா எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டாள். ஓட்டை இருந்தது உண்மை, அதை அவன் காதோடு சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. அன்றிலிருந்து அவன் அவளுக்கு ஸலாம் மட்டும் சொல்வான், அதுவும் கூரையைப் பார்த்து. மாட்யூல்களுக்கு நடுவே சுவர் என்று ஸுஹைப் சொன்னதும் அவனைப்போலச் சந்தோஷப்பட்டவன் யாருமில்லை. துக்க மாட்யூல் கிடைத்தவன் அப்படிச் சந்தோஷப்பட்டது அழகாக இல்லைதான்.

இரண்டு மாட்யூலும் வேலை செய்யத் தொடங்கின. வியூ அழகாக இருந்தது. காலியாக இருக்கும் நாள் பச்சை, நிரம்பியது சிவப்பு. ஒரு வாடிக்கையாளரும் குறை சொல்லவில்லை. ஸுஹைப் அதைத் தன் பலகையில் பெரிதாக எழுதி வைத்தான்.

லுப்னா தன் தங்கை மைஸின் கல்யாணத்தையும் அதிலேயே பதிவு செய்தாள். வெள்ளிக்கிழமை, தபர்பூர் மதாஃபா. மாப்பிள்ளை யஸன் குவைத்தில் வேலை பார்ப்பவன். போன கோடையிலேயே நடந்திருக்க வேண்டிய கல்யாணம். விளக்குச் சரம் மாட்டியபிறகு யஸனின் தாத்தா ஹாஜி முஃப்லிஹ் போய்ச் சேர்ந்தார். மாட்டிய சரத்தைக் கழற்றினார்கள், அவன் லீவு முடிந்து விமானம் ஏறினான். ஒரு வருஷம் மைஸ் ஃபோனில் குடித்தனம் நடத்தினாள். இந்தத் தடவையும் சனிக்கிழமை அவனுக்கு விமானம். வெள்ளி தவறினால் இன்னொரு வருஷம். மைஸ் அக்காவிடம் தெளிவாகவே சொல்லியிருந்தாள்.

"இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்துடுவேன், லுப்னா. எனக்கு மனசுல தெம்பில்லை. ஊர்க்காரங்க என்னைப் பாக்கற பார்வை எனக்குத் தெரியும்."

"நிக்காது. நானே பதிவு பண்ணியிருக்கேன். என் மாட்யூல் அது."

வியாழக்கிழமை மத்தியானம், லீவு போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பப் பையைத் தூக்கியபோது ஃபோன் அடித்தது. தபர்பூர் மதாஃபாவைப் பார்த்துக்கொள்ளும் அபூ ஸனத்.

"மகளே லுப்னா, சின்னச் சந்தேகம். நாளைக்கு நான் விளக்குச் சரம் மாட்டவா, இல்லே மாட்டினதைக் கழட்டவா?"

"என்ன சொல்றீங்க, மாமா?"

"ஹாஜி நாயிஃப் நேத்து ராத்திரி தவறிட்டார், அல்லாஹ் கருணை செய்யட்டும். இன்னிக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் ஆயிடுச்சு. அவர் மகன் ஃபவ்வாஸ் ஃபோன்லயே மூணு நாள் பதிவு பண்ணிட்டான். பச்சையா இருந்துச்சாம். நானும் பாத்தேன். துக்கப் பக்கம் அவர் துக்கம், உன் பக்கம் உன் கல்யாணம். எனக்கு இப்பவே நாலு பேர் ஃபோன் பண்ணிட்டாங்க. ஒரே மதாஃபாவுலேருந்து ரெண்டு செய்தி வந்திருக்காம். ஒண்ணு சந்தோஷத்துல கலந்துக்கக் கூப்பிடுதாம், ஒண்ணு துக்கத்துல கலந்துக்கக் கூப்பிடுதாம். எந்தத் துணி போட்டுட்டு வரதுன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

லுப்னா பையைப் போட்டது போட்டபடி நேராக ஹைதம் மேஜைக்குப் போனாள்.

"ஹைதம், நாளைக்கு எந்த மதாஃபா காலியா இருக்குன்னு பாக்கணும். என் பக்கம் பச்சையா இருக்கறது உன் பக்கம் சிவப்பா இருக்கும். ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் தெரியும். உன் தேதிப் பட்டியலைக் கொஞ்சம் திற."

ஹைதம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் மாட்யூல் இருக்கறதே உன் மாட்யூலுக்குத் தெரியக் கூடாதே. எப்படித் தெரிஞ்சுது?"

"விளையாடற நேரமில்லை."

"யார் விளையாடறது? விண்ணப்பம் போடு. ஞாயித்துக்கிழமை பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை குவைத்துல இருப்பான். என் தங்கச்சி கல்யாணம் அது."

அவன் விரல் ஒரு கணம் நின்றது. ஆனால் வறட்டு கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருமா? "ஸுஹைப்கிட்ட கேளு" என்றான். ஸுஹைபோ, ஒருத்தர் சரக்கறையில் இன்னொருத்தர் நேரடியாகக் கை விடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று பலகையில் கட்டம் போட்டு விளக்க ஆரம்பித்தான். லுப்னா கட்டம் முடிகிற வரை நிற்கவில்லை. அபூ கஸ்ஸானின் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

அபூ கஸ்ஸான் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. எதை அலமாரியில்கூடச் சேர்த்து வைக்கக் கூடாது என்று அவர் பயந்தாரோ, அது இப்போது ஒரே கூடத்தில் ஒரே நாளில் வந்து நின்றது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் திறந்துடுவான்" என்றாள் லுப்னா.

"சொன்னாத் திறப்பான். அப்புறம் வருஷம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பான். உனக்கும் அவனுக்கும் மனஸ்தாபம் இருக்கறது எனக்குத் தெரியாதா? முறையாப் போவோம்." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஸுஹைப், வாடா இங்கே. பலகையை விடு."

அப்படியாக, ஒரு மென்பொருள் கம்பெனியில், ஒரு அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு ஜாஹா புறப்பட்டது. முன்னால் அபூ கஸ்ஸான், ஜபமாலையோடு. பின்னால் ஸுஹைப், எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரவில்லையே என்ற முகத்தோடு. லுப்னா மாப்பிள்ளைபோல ஒதுங்கி நின்றாள். நாலு எட்டு நடந்தால் வந்துவிடும் தூரம், அதை அபூ கஸ்ஸான் கால் மணி நேரம் ஆக்கப் பார்த்தார்.

ஹைதம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். வந்தவர் முதலாளியோ, பிச்சைக்காரரோ, ஜாஹா என்று வந்தால் காப்பி வைக்காமல் இருக்க அவன் என்ன அந்நிய தேசத்தானா? சமையலறைக்கு ஓடி மூன்று சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காப்பி கொண்டுவந்தான். அபூ கஸ்ஸான் வாங்கினார். குடிக்கவில்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஸுஹைப் குடிக்கப் போனான், மாமாவின் முழங்கை இடித்ததும் அவனும் வைத்தான்.

"மகனே ஹைதம், நல்ல மனுஷனோட மகன்கிட்ட வந்திருக்கோம். எங்க லுப்னாவுக்காக உன்னோட தேதிப் பட்டியலைக் கேட்டு வந்திருக்கோம். அவ அன்னிக்குப் பேசினது நாலு பேர் முன்னாடி பேசியிருக்கக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். நீ வாக்குக் கொடுக்கற வரைக்கும் இந்தக் காப்பி இப்படியே இருக்கும்."

ஆபீஸே விசைப்பலகையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. லுப்னா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஹைதமின் காது சிவந்தது. மாதக்கணக்காகக் கூரையைப் பார்த்தவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான்.

"குடிங்க, அபூ கஸ்ஸான். கேட்டது கொடுத்தாச்சு."

கணக்குப் பிரிவில் யாரோ குலவையிடப் போய், பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்தினாள். ஸுஹைப் காப்பியைக் குடித்துவிட்டு, "படிக்க மட்டும்தானே அனுமதி? மாத்த இல்லையே?" என்று கேட்டான்.

ஹைதம் உட்கார்ந்தான். இரண்டு பட்டியலையும் ஒட்டிப் பார்க்க அவனுக்குச் சில வரிகள்தான் தேவைப்பட்டன. சுவர் கட்ட ஆன நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இருவரும் திரையைப் பார்த்தார்கள். மேலிருந்து கீழ் வரை சிவப்பு. கோடைகாலத்து வெள்ளிக்கிழமை, அம்மானில் கல்யாணம் இல்லாத மதாஃபாவில் துக்கம், துக்கம் இல்லாததில் கல்யாணம்.

"ஒண்ணுகூட இல்லையா?" என்றாள்.

"இல்லை." அவன் கார் சாவியை எடுத்தான். "வா. ஹாஜி நாயிஃப் வீட்டுக்குப் போவோம். பெரியவங்க அனுமதி கொடுத்தா உண்டு."

"நீ எதுக்கு?"

"அந்தத் துக்கச் செய்தியை ஊருக்கே அனுப்பினது என் மாட்யூல்தானே."

ஆண்கள் மதாஃபாவில் இருந்தார்கள். பெண்கள் ஹாஜியின் வீட்டில். ஹைதம் காரிலேயே இருந்தான், லுப்னா உள்ளே போனாள். சுவரோரம் கறுப்பு உடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹாஜியின் மனைவி உம் ஃபவ்வாஸ். ஸலாம் சொல்லி, துக்கம் கேட்டு உட்கார்ந்ததும் கையில் காப்பிக் கிண்ணம் வந்தது. லுப்னாவால் அதைக் குடிக்க முடியவில்லை. செத்த வீட்டில் வந்து கல்யாணத்துக்கு இடம் கேட்பது எப்படி? கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தாள்.

உம் ஃபவ்வாஸின் கண் கிண்ணத்தின் மேல் விழுந்தது.

"என்ன பொண்ணு, குடிக்காம வெச்சிட்டே? ஏதோ கேக்க வந்தவ மாதிரி இருக்கே."

லுப்னா சொன்னாள். மதாஃபா, வெள்ளிக்கிழமை, இரண்டு பதிவு, எல்லாவற்றையும். ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

"அந்த மிஷின் உன்னோடதா?" என்றாள் உம் ஃபவ்வாஸ்.

"கல்யாணப் பக்கம் மட்டும்தான் என்னோடது, பெரியம்மா." சொன்ன பிறகு தானும் ஸுஹைப் மாதிரியே பேசுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"துக்கப் பக்கம் யாரோடதோ அவன்கிட்ட சொல்லு. காலைல எனக்கு ஒரு செய்தி வந்துச்சு. ஹாஜி நாயிஃப் தவறிட்டாராம், நான் துக்கம் கேக்க வரணுமாம். என் வருகை அவங்க பாரத்தைக் குறைக்குமாம். என் புருஷன் சாவுக்கு என்னையே கூப்பிடுது. வந்துட்டேன், பாத்துக்கோ."

ஒரு பெண் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது அழுகையால் அல்ல.

"யார் கல்யாணம் இது?"

"என் தங்கச்சி மைஸ். மாப்பிள்ளை யஸன், ஹாஜி முஃப்லிஹோட பேரன்."

உம் ஃபவ்வாஸ் கையில் இருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"முஃப்லிஹ் பேரனா... அவரும் முஃப்லிஹும் பட்டாளத்துல ஒரே கூடாரம். போன வருஷம் முஃப்லிஹ் துக்கத்துல மூணு நாளும் உக்காந்து இதையேதான் பொலம்பினார். 'என் சிநேகிதன் சாகறதுக்கு வேற நாளே கிடைக்கலையா, பையன் கல்யாணம் நின்னுபோச்சே'ன்னு. இந்த வாரம் உங்க மிஷின் அவர்கிட்ட இந்தக் கல்யாணத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களான்னு கேட்டுச்சு. அவருக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியலை. என்னைத்தான் அழுத்தச் சொன்னார். வருவேன்கறதை நான்தான் அழுத்தினேன். புதுச் சட்டை தேச்சு வெச்சிருக்கு, உள்ளே."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.

"ஃபவ்வாஸ், நாளைக்கு மக்ரிபோட முடிச்சுடு... ஆமா, பொழுது சாயற தொழுகையோட. அதுக்கு மேல முஃப்லிஹ் பேரன் கல்யாணம்... ஊர் என்ன சொல்லும்? ஊரை என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறேன்." ஃபோனை வைத்தாள். "மேளம் வேணாம்னு சொல்லாதீங்க. அவருக்கு மேளம்னா உசுரு. மக்ரிபுக்கு முன்னாடி மட்டும் அடிக்காதீங்க. ஏ பொண்ணு, அந்தக் காப்பியைக் குடி. ஆறிப்போச்சு."

லுப்னா குடித்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துக்க வீட்டில் அழுதவளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மக்ரிப் வரை குர்ஆன் ஓதினார்கள். தொழுகை முடிந்ததும் அபூ ஸனத் விளக்குச் சரத்துக்கு மின்சாரம் கொடுத்தார். நாற்காலிகளை ஒருவரும் நகர்த்தவில்லை, காப்பிப் பானையை ஒருவரும் மாற்றவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அப்படியே கல்யாணத்துக்கும் உட்கார்ந்துவிட்டார்கள், எந்தத் துணி போடுவது என்ற கவலையும் அதோடு தீர்ந்தது. ஃபவ்வாஸ் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான், யஸனைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டான், போய்விட்டான். சனிக்கிழமை விமானத்தில் யஸனோடு மைஸும் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸுஹைப் பலகையில் புதிதாக மூன்று கட்டம் போட்டிருந்தான். அனுமதி மாட்யூல். துக்க வீட்டில் கேட்க வேண்டிய அனுமதிக்கு ஒரு மாடல், விதவை அழுத்துவதற்கு இரண்டு பொத்தானோடு ஒரு வியூ, நடுவில் ஒரு கண்ட்ரோலர். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் இது இருப்பதே தெரியாதாம், அதுதான் இதன் அழகாம். அபூ கஸ்ஸான், பெயரை மட்டும் மங்களகரமாக மாற்றச் சொல்லி ஒப்புக்கொண்டார்.

அவன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் லுப்னாவும் ஹைதமும் ஒரே மேஜையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தேதிப் பட்டியலையும் சத்தமில்லாமல் ஒன்றாக்கி முடித்திருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. கெட்ட சகுனம் எதுவும் நடக்கவில்லை, மின்சாரம்கூடப் போகவில்லை.

கடைசியாக, முடிந்துபோன நிகழ்ச்சிகளை மூட வேண்டியிருந்தது. வருவேன் என்று சொன்ன விருந்தினர் ஒவ்வொருவருக்கும் வந்தார், வரவில்லை என்று குறித்தால்தான் செயலி விடும். மைஸின் கல்யாணத்தில் எல்லாம் குறித்தாயிற்று. ஒரு பெயர் மட்டும் நின்றது.

"ஹாஜி நாயிஃப்" என்று ஹைதம் படித்தான். "என் பக்கத்துல இறந்தவர். உன் பக்கத்துல வருவேன்னு சொன்னவர். எதைப் போட?"

லுப்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து வைத்த சட்டை நினைவுக்கு வந்தது.

"அவர் வீட்டுக்காரம்மா அழுத்தினது அது. வந்தார்னு போடு."

ஹைதம் ஸுஹைபைத் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டான்.